பாம் ஷெல்டரில் கை நனைத்தவர்கள்

அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுத் திட்டம் இருந்தது. பெண் வீட்டார் வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இல்லை.

இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்த வெட்கத்தை என் குடும்பம் துவைத்துப் பிழிந்து, ஜன்னலுக்கு வெளியே கழியில் கோர்த்து, எங்கள் பாசிர் ரிஸ் பேட்டை முழுக்கப் பார்க்கும்படி பல தடவை காயப்போட்டாகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு அந்தப் பயம் பிடித்தது. எங்கோ இரண்டு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. தொலைக்காட்சியில் டை கட்டிய ஒருவர், தாலாட்டுப் பாடுகிற குரலில், ஏதோ ஒரு நகரத்தின் வரைபடத்தில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். முதல் வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த வட்டத்துக்காரர்கள் ஓட வேண்டும். அதற்கும் அடுத்தவர்கள் ஒளிய வேண்டும். நான் எங்கள் தீவை அந்த வட்டத்துக்குள் மனசால் தூக்கி வைத்துப் பார்த்தேன். பேனா முனையிலேயே அடங்கிவிட்டது.

நான் வசன கவிதை எழுதுகிறவள். (விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை, கவிதை என்பது வேலை முடிந்த பிறகு வரும் காய்ச்சல்.) எனக்கு எதையும் அரைகுறையாகக் கற்பனை செய்யத் தெரியாது. கடற்கரையில் சாயங்கால மேகம் திரண்டு எழும்போது ஊரே போனைத் தூக்கிப் படம் எடுக்கும். நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பேன். வானம் அதிகமாக அழகாயிருந்தால் சந்தேகம் வந்துவிடும். "இவ்வளவு வெளிச்சம் எதுக்கு?" என்று கேட்பேன். "காலை ஒன்பது மணி, அதுக்குத்தான்" என்பார் என் கணவர் சேகர்.

எங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் உண்டு. இந்த ஊரில் கொஞ்சம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளிலெல்லாம் இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், வெளிப்பக்கமாகத் திறக்கும் கனத்த இரும்புக் கதவு, காற்றுக்கு வட்டத் துவாரம், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய இடம். போர் வந்தால் ஒளிவதற்கு. போர் வராத காலத்தில் மக்கள் அதில் மடக்குக் கட்டில், பழைய மிக்சி, வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொங்கல் பானை எல்லாம் வைப்பார்கள். நாங்கள் என் புத்தகங்களை வைத்திருந்தோம். என் ஒரே தொகுப்பு. வெளியீட்டு விழாவில் வடை தீர்ந்துபோனது, புத்தகம் தீரவில்லை. மிச்சமெல்லாம் அட்டைப் பெட்டிகளில், தரையிலிருந்து கூரை வரை, யாராலும் அசைக்க முடியாத உறுதியுடன் நின்றன.

அந்தப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுதான் என் எழுத்து மேடை. எழுதியதை அங்கேயே உரக்க வாசித்தும் பார்ப்பேன். கான்கிரீட் சுவரில் என் குரல் எனக்கே பெரிய கவிஞரின் குரலாகத் திரும்பி வரும். காற்றுத் துவாரம் பொது நடைபாதையைப் பார்த்திருந்ததால் அது பக்கத்து வீட்டு லிம் ஆண்ட்டிக்கும் போய்ச் சேரும். எங்களுடையது கோடி வீடு. அந்தப் பக்கம் வந்து போகிற ஒரே ஆள் அவர். தமிழில் அவருக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் நின்று கேட்டுவிட்டு, "வெரி நைஸ் லா!" என்று துவாரத்தில் சொல்லிவிட்டுப் போவார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே தொடர்ச்சியான வாசகர் அவர்தான்.

பயம் பிடித்ததும் முதல் வேலையாக ஷெல்டரைக் காலி செய்தேன். புத்தகப் பெட்டிகளை வெளியே இழுத்து, ஷெல்டர் கதவுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி, வீட்டுக்குள் போகும் அந்த ஒடுங்கிய வழியில், என் உயரத்துக்கும் மேலாக அடுக்கினேன். பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று பூப்போட்ட பாத்திக் துணி ஒன்றைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ஆர்க்கிட் ஜாடி ஒன்றை வைத்தேன். காலியான ஷெல்டருக்குள் இரண்டு வாரத்துக்கான உணவு இறங்கியது. தண்ணீர்ப் புட்டிகள், டின் டின்னாக கிரீம் கிராக்கர் பிஸ்கட், முறுக்கு, கண்டென்ஸ்டு மில்க், வடுமாங்காய், ஒரு மூட்டை இட்லி அரிசி, அப்பளக் கட்டு.

சேகர் அப்பளக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உள்ள அடுப்பு கிடையாதே?"

"கிடையாது."

"அப்ப இதை எப்படிப் பொரிப்ப? ஒரு நிமிஷம் கதவைத் திறந்து வெளிய நீட்டுவியா?"

அப்பளத்தை வாங்கி உள்ளே வைத்தேன். உயிர் பிழைக்கப்போகிறவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

அந்த வாரம்தான் எங்கள் மகன் முகிலன், தனக்கும் கூட வேலை செய்யும் நிவேதாவுக்கும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை என்றும், ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா அம்மா வீடு பார்க்க வருகிறார்கள் என்றும் சொன்னான். அவர்கள் திருச்சிப் பக்கத்துக்காரர்கள். வேலைக்காக வந்து, தீவின் அந்தக் கோடியில், கிளமெண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். நாங்களோ மூன்று தலைமுறையாக இந்த ஊர். இந்த இரண்டு வகைத் தமிழர்களும் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவங்களுக்கு ஊரே தெரியலை என்று நாங்கள் நினைப்போம். இவங்களுக்கு முறையே தெரியலை என்று அவர்கள் நினைப்பார்கள். (இரண்டும் ஏறக்குறைய உண்மை.)

"அவங்க அம்மா முறையெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்கம்மா. உள்ளூர்ப் பையன் வேணாம்னுதான் இருந்தாங்க. நிவி அழுது, சண்டை போட்டு, வந்து பாக்கவாவது பாருங்கன்னு சம்மதிக்க வச்சிருக்கா. இது கெட்டுப்போச்சுன்னா அவ்ளோதான்" என்றான் முகிலன். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். "உங்ககிட்ட ரெண்டே ரெண்டு விஷயம்தான் கேக்குறேன். கவிதை வேணாம். குண்டு வேணாம். ப்ளீஸ்மா."

"சே, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வந்தார்கள். பாலசுப்ரமணியம் சார் மெல்லிய மனிதர், கட்டட எஞ்சினியர். எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம். அவர் மனைவி மங்கையர்க்கரசி அம்மாள் அதற்கு நேர்மாறு. எதையும் தொடமாட்டார், பார்வை ஒன்றே போதும். நான் காப்பி கொண்டு வந்தேன். கையைக் கூப்பிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பேசி முடிக்கிற வரைக்கும் கை நனைக்கிற வழக்கம் இல்லைங்க."

கை நனைப்பது எனக்கும் தெரிந்ததுதான். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அது தேய்ந்து தேய்ந்து, காப்பி குடிக்கலாம், கேக் சாப்பிடலாம், பிரியாணி மட்டும் கூடாது என்கிற அளவில் நிற்கிறது. இவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத ரகம். வேண்டாம் என்று எழுந்து போனால், இந்த வீட்டின் ஒரு சொட்டுகூட அவர் மேல் ஒட்டியிருக்காது.

பிறகு அவர் பார்வை தாம்பாளத்துக்குப் போனது. ஒருவேளை இன்றைக்கே முடிவானால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பழம், தேங்காய், பூ, மஞ்சள் எல்லாம் வைத்திருந்தேன்.

"வெத்தலை வைக்கலீங்களா?" என்றார். மிக மென்மையாக.

வீட்டில் இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் இருந்தது. வெற்றிலை இல்லை.

முகிலன் என்னைப் பார்த்தான். சேகர் கூரையைப் பார்த்தார். பக்கத்துச் சந்தையில் அந்த நேரத்துக்கு வெற்றிலைக்காரர் மூட்டை கட்டியிருப்பார். லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேரையும் அனுப்பினேன். சேகருக்கு நல்ல வெற்றிலை எதுவென்று தெரியாது, முகிலனுக்குக் கடைக்காரரிடம் கேட்கத் தெரியாது. சேர்ந்து போனால் ஒரு ஆள் கணக்கு. போகும்போது முகிலன் வாசலில் திரும்பி, மங்கை அம்மாளுக்குத் தெரியாமல், இரண்டு விரலைக் காட்டினான். கவிதை. குண்டு.

எங்களைத் தனியாக விட்டுப் போனார்கள். மௌனம் வந்து எங்கள் மூவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. எனக்கு மௌனம் ஆகாது. "வீட்டைப் பாருங்களேன்" என்றேன். சமையலறை பார்த்தார்கள். சாமி மாடம் பார்த்தார்கள். மங்கை அம்மாள் "ம்" என்றார். இன்னொரு "ம்". ஒவ்வொரு "ம்"மிலும் என் மகனின் கல்யாணம் ஒரு படி கீழே இறங்குவது எனக்குக் கேட்டது. அப்போது பாலு சார் ஷெல்டர் கதவை விரலால் தட்டி, "இதென்ன மேடம், பேங்க் லாக்கர் மாதிரி?" என்றார்.

நான் என்ன செய்ய? அவராகக் கேட்டார்.

"உள்ள வாங்க" என்றேன்.

உள்ளே போய் மூவரும் நின்றோம். கிளமெண்டியில் அவர்கள் இருக்கும் பிளாக் மிகப் பழையது. அங்கே இந்த அறை கிடையாது. அதனால் எனக்குப் புதிய கேட்பவர்கள் கிடைத்த வெறி. சுவரின் கனத்தைக் காட்டினேன். துவாரத்தைக் காட்டினேன். அப்பளத்தை மட்டும் மறைத்தேன்.

"இது சாதாரண குண்டுக்குக் கட்டினது மேடம்" என்றார் பாலு சார் சுவரைத் தட்டியபடி. "சில்லு தெறிச்சா, பக்கத்துல இடிஞ்சு விழுந்தா தாங்கும். நீங்க சொல்ற குண்டு கிட்டக்க விழுந்தா…"

"கிட்டக்க விழுந்தா ஒண்ணும் பண்ண முடியாது சார். தள்ளி விழுந்தா? அப்புறம் தூசி இறங்கும் பாருங்க, அதுதான் எமன். முதல் ஒண்ணு ரெண்டு நாள்தான் அதுக்கு உக்கிரம், அப்புறம் மளமளன்னு அடங்கிடும். அதுவரைக்கும் கனமான சுவருக்குள்ள கிடந்தா பிழைச்சுக்கலாம். உள்ள வந்ததும் மேல் துணியெல்லாம் கழட்டி வெளிய வீசிடணும், தலைக்கு ஊத்திக்கணும்…"

"துணியைக் கழட்டியா?" என்றார் மங்கை அம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஆடையைக் களையச் சொன்ன மாப்பிள்ளையின் அம்மா, தமிழ் கூறும் நல்லுலகில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தள்ளின்னா எவ்ளோ தள்ளி மேடம்? இந்தத் தீவுல தூரம்னு சொல்றதே அந்தக் கோடியில இருக்கிற துவாஸ் வரைக்கும்தான்."

மங்கை அம்மாள் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டுல இது இல்லையே. நாங்க எங்க போறது?" அதில் குத்தல் இல்லை. அன்று காலையிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் நிஜமான கேள்வி அது. மென்மையாக, அன்பாக, நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சம்பந்தம் முடிஞ்சா இங்க வந்துடலாம்" என்றேன்.

அணுகுண்டைக் காட்டிப் பெண் கேட்டவளும் நான்தான்.

வாய் செய்த தவறைக் கை சரிசெய்யும் என்று நினைத்தேன். "சாத்தினா எவ்ளோ நிம்மதியா இருக்கும்னு பாருங்களேன்" என்று கதவைப் பிடித்து, முழுப் பலத்தோடு, ஒரு உலகப் போரையே வெளியே தள்ளுகிற மாதிரி இழுத்துச் சாத்தினேன். டமார். கட்டடமே ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு வெளியே ஒரு சரசரப்பு. பாத்திக் துணி நழுவுகிற சத்தம். ஜாடி உடைகிற சத்தம். பிறகு தொம். தொம். தொம் தொம் தொம். என் இலக்கிய வாழ்க்கை முழுவதும், பெட்டி பெட்டியாக, கதவின் மேல் சரிந்து விழுந்தது.

கைப்பிடியைத் திருகித் தள்ளினேன். கதவு ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. பாலு சார் தள்ளினார். நானும் அவரும் சேர்ந்து தள்ளினோம். ஒடுங்கிய வழி, எதிர்ச் சுவருக்கும் கதவுக்கும் நடுவே பெட்டிகள் ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிட்டிருந்தன.

"என்னங்க அது வெளிய? செங்கல்லா?" என்றார் பாலு சார் மூச்சு வாங்க.

"புத்தகம்."

"அவ்வளவுமா?"

"…நான் எழுதினது."

மங்கை அம்மாள் சொன்ன "ம்", அந்த நாளின் மிக நீளமான "ம்".

அவர்களுடைய போன்கள் சோபாவில். என்னுடையது சமையலறையில். ஸ்டூலில் ஏறித் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "யாராவது இருக்கீங்களா? காப்பாத்துங்க! கதவைத் திறங்க! மூச்சு முட்டுது! வெளிச்சத்துக்கு எங்களை விடுங்க!" (பதற்றத்திலும் எனக்கு அப்படித்தான் வருகிறது.)

நடைபாதையில் செருப்புச் சத்தம் நின்றது. லிம் ஆண்ட்டி! நான் இன்னும் உயிரைக் கொடுத்துக் கத்தினேன். முடித்ததும் கைதட்டல் கேட்டது.

"வாவ்! டுடே சோ பவர்ஃபுல்! பெஸ்ட் ஒன் லா!"

"இங்கிலீஷ்ல கத்துங்க மேடம், இங்கிலீஷ்ல!" என்று பாலு சார் என் முழங்காலைப் பிடித்து உலுக்கினார். "ஹெல்ப்!" என்று நான் கத்தியபோது லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம்தான் பதிலாக வந்தது.

அப்புறம் காத்திருந்தோம். ஸ்டூலில் யார் உட்காருவது என்று உபசாரச் சண்டை. கடைசியில் மங்கை அம்மாள் அரிசி மூட்டையில் உட்கார்ந்தார், பாலு சார் ஸ்டூலில், நான் பிஸ்கட் டின்னில். புழுக்கம். உள்ளே என் புத்தகத்தில் ஒரே ஒரு பிரதி வைத்திருந்தேன். (பேரழிவுக்குப் பிறகும் இலக்கியம் வேண்டுமே.) மங்கை அம்மாள் அதை எடுத்து விசிறிக்கொண்டார். விசிறுவது நின்றது. ஒரு பக்கத்தைப் பிரித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தார்.

"'இருள் என்பது ஒளி தன்னையே மறந்து உட்கார்ந்திருக்கும் ஒரு நாற்காலி.' அப்படின்னா என்னங்க?"

"அது… உணர்ந்தா புரியும்."

"உணர்ந்து பாத்தேன். வேர்க்குது."

மறுபடி விசிற ஆரம்பித்தார். அடுத்து என் அறையின் நிறம் சரியில்லை என்றார். பாலு சார் மூச்சு விடுவது சத்தமாக இருக்கிறது என்றார். உள்ளூர்க்காரங்களே இப்படித்தான், எல்லாம் வாங்கி வைப்பாங்க, தேவையானதை விட்டுடுவாங்க என்றார். அவ்வளவுதான், முகிலன் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அப்போது பாலு சார் சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"மங்கை, காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேனே."

"சாப்பிட்டியா?"

"ரெண்டு இட்லி. இங்க முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு…"

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், இது கோபம் இல்லைங்க. சுகர் இறங்குது."

அதுவரை அதை நான் சம்பந்தியம்மாளின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தேன். விசிறிக்கொண்டிருந்த விரல்கள் நடுங்கின. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் எங்கோ தள்ளி நின்று பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிக்காக இவ்வளவு கனமான சுவர்களை நம்பியிருந்தேன். சுவர்களுக்கு உள்ளே, என் அரிசி மூட்டை மேல், என் கண் முன்னால் ஒரு மனுஷி வெளுத்துக்கொண்டிருந்தார்.

கண்டென்ஸ்டு மில்க் டின்னின் வளையத்தை இழுத்துத் திறந்து நீட்டினேன். "குடிங்க."

தலையை ஆட்டினார். "பேசி முடிக்காம மாட்டேங்க."

"மங்கை!"

"உங்களுக்குத் தெரியாதுங்க." வார்த்தைகள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன. "எங்க அக்காவுக்கு இப்படித்தான். நம்பிச் சாப்பிட்டுட்டு வந்தோம். அவங்க வேற இடம் பாத்துட்டாங்க. அப்புறம் ஊர்ல யாரு கேட்டாலும், 'இலை போட்டு அனுப்பிட்டோமே, போதாதா'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எங்கப்பா அந்தத் தெருப் பக்கமே போறதை விட்டுட்டாரு."

நீட்டிய டின்னைத் தாழ்த்தினேன். காலையில் அந்த அம்மாள் தள்ளியது என் காப்பியை அல்ல. தன் மகளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பேசி முடிச்சிடலாம்" என்றேன். "இப்பவே. சொல்லுங்க, என்ன வேணும்?"

பாலு சார் நிமிர்ந்தார். மங்கை அம்மாள் சுவரில் சாய்ந்தபடியே யோசித்தார்.

"பொண்ணு வேலையை விடமாட்டா."

"விட வேணாம்."

"அவளுக்குச் சமைக்கத் தெரியாது."

"முகிலனுக்குத் தெரியும்."

"கல்யாணம் திருச்சியில."

"திருச்சியில." (சேகருக்கு சிராங்கூன் சாலைக் கோயிலில் நடத்த வேண்டும் என்று ஆசை. அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார்.)

"அப்புறம் ஒண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். "வரவேற்புல நீங்க கவிதை வாசிக்கக் கூடாது. நிவேதா சொல்லியிருக்கா."

எனக்குள் ஏற்கெனவே மூன்று பக்கம் எழுதி முடிந்திருந்தது. மணமகளை மழை என்றும் மணமகனைக் குடை என்றும்…

"மேடம், சீக்கிரம்" என்றார் பாலு சார், மனைவியின் நாடியைப் பிடித்தபடி.

"…சரி" என்றேன். உயிர்களைக் காப்பாற்றக் கவிஞர்கள் எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். என்னுடையது இது.

"தட்டு மாத்தணும்" என்றார் மங்கை அம்மாள், குரல் தேய.

பிஸ்கட் டின்னின் மூடியைக் கழற்றினேன். அதில் ஒரு தண்ணீர்ப் புட்டி, வடுமாங்காய் பாட்டில், ஒரு கை முறுக்கு. வெற்றிலை இல்லையே என்று தடுமாறினேன். பாலு சார் மனைவியின் கையிலிருந்த என் புத்தகத்தை மெல்ல எடுத்தார். அட்டை பச்சை நிறம். மூடியின் மேல் பயபக்தியுடன் வைத்தார். நான் நீட்ட, அவர்கள் இருவரும் சேர்ந்து வாங்க, அவர்கள் நீட்ட, நான் வாங்க, மூன்று பேருடைய முழங்கையும் மூன்று சுவரில் இடித்தது. அப்படித்தான் என் மகனின் திருமணம் நிச்சயமானது.

ஒரு பிஸ்கட்டைக் கரண்டியாக்கி, கண்டென்ஸ்டு மில்க்கில் தோய்த்து நீட்டினேன். மங்கை அம்மாள் சாப்பிட்டார். இன்னொன்று. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் விரல்கள் அடங்கின. கன்னத்தில் ரத்தம் திரும்பி வருவது, விடியற்காலையில் கடலுக்கு மேலே நிறம் வருவது போல… (வேண்டாம், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.) கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். காலையில் வந்த அந்த அம்மாள் போய், அதே புடவையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

"வடுமாங்காய் யாரு போட்டது?"

"நான்தான்."

"உப்பு தூக்கல்" என்றார். பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

சேகரும் முகிலனும் திரும்பி வருவதற்குள், பேரழிவுக்கென்று வைத்திருந்த முறுக்கு முழுவதும் தீர்ந்திருந்தது. வெளியே முதலில் சேகரின் குரல் கேட்டது. "யாருடா இவ்ளோ பெட்டியையும் தள்ளிவிட்டது? பூனையா?" பிறகு முகிலன், "அவங்களையும் காணோம், அம்மாவையும் காணோம்" என்று புலம்பிக்கொண்டே பெட்டிகளை இழுத்தான். கதவு திறந்தது.

அவன் பார்த்தது இதுதான்: அரிசி மூட்டை மேல் அவன் வருங்கால மாமியார், மீசை மாதிரி கண்டென்ஸ்டு மில்க். ஸ்டூலில் வருங்கால மாமனார், மடியில் டின் மூடி. மூடியில் என் கவிதைப் புத்தகம். சுற்றிலும் அணுகுண்டுக்கான ஏற்பாடுகள்.

"அம்மா" என்றான், அழுகிற குரலில். "நான் ரெண்டே ரெண்டு விஷயம்தானே கேட்டேன்."

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மங்கை அம்மாள். "அம்மாவைத் திட்டாதீங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. 'மாப்பிள்ளை' என்கிற சொல் காதிலிருந்து முகத்துக்கு இறங்க ஒரு நிமிஷம் ஆனது. பின்னால் சேகர், வாழையிலையில் சுற்றிய வெற்றிலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். "அப்ப இது?" என்றார். கல்யாணம் திருச்சியில் என்று சொன்னபோதுதான் அவர் கீழே உட்கார்ந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வரவேற்பில் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது மங்கை அம்மாள். மைக்கைப் பிடித்து, திருச்சி மண்டபம் நிறைய இருந்த சொந்தக்காரர்களுக்கு முழுக் கதையையும், நாற்காலிக் கவிதை உள்பட, சொல்லி முடித்தார். அதற்குக் கிடைத்த கைதட்டலை என் எழுத்து இதுவரை பெற்றதில்லை. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது முடிவெடுக்கத் தயங்கினால், "ஷெல்டர்ல போட்டுச் சாத்து, பேசி முடிச்சிடுவாங்க" என்பார் சேகர். லிம் ஆண்ட்டி இன்னமும் என்னை லிஃப்டில் பார்த்தால், அந்தப் பழைய 'பவர்ஃபுல்' கவிதையை மறுபடி எப்போது படிப்பேன் என்று கேட்கிறார்.

குண்டு விழுந்தால் சாதாரண மனிதர்கள் பிழைப்பார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. புத்தகப் பெட்டிகள் மறுபடி ஷெல்டருக்குள் போய்விட்டன; கனமான எதுவும் கதிர்வீச்சுக்குக் கொஞ்சம் தடுப்புதான் என்று பாலு சார் ஆறுதல் சொன்னார். நடுவே ஒரு அரிசி மூட்டைக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அது யாருடைய இருக்கை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வருஷத்துக்கு இரண்டு தரம் ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த ஊளை பாசிர் ரிஸ் கூரைகளின் மேல் எழுந்து அடங்குவதற்குள் என் போன் அடிக்கும். கிளமெண்டியிலிருந்து.

"சத்தம் கேட்டுதா சம்பந்தி?"

"கேட்டுது."

"கண்டென்ஸ்டு மில்க் இருக்கா?"

"ரெண்டு டின் இருக்கு."

"நிஜமா ஒருநாள் ஊதினா, நாங்க ரயில் பிடிச்சு அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு வரணும். அதுக்குள்ள கதவைச் சாத்திடாதீங்க."

"சாத்தமாட்டேன். நீங்க வந்தப்புறம்தான்."

"சரி. வரும்போது வெத்தலை நான் வாங்கிட்டு வந்துடறேன்" என்பார். "நீங்க மறந்துடுவீங்க."